மேடை வேண்டாம், ஒத்திகைக்கு ஓர் இடம் தாங்க

கொழும்பில் எந்தத் தமிழ் நாடக விழாவுக்குப் போனாலும் கடைசியில் ஒரு காட்சி நடக்கும். கேள்வி நேரம் வரும். ஒரு பெரியவர் எழும்பி மைக்கை வாங்கி, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாடகத்தில அக்கறை இல்ல, எல்லாரும் போனும் கையுமா இருக்காங்க" என்று சொல்லுவார். முன்வரிசையில் இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். அதற்குப் பிறகு ரோல்ஸும் ப்ளேன்டீயும். எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

நான் மட்டக்குளியில் பிறந்து வளர்ந்தவள். நாங்கள் பன்னிரண்டு பேர், சில வருசங்களாக நாடகம் போட்டுக்கொண்டிருக்கிறோம். ஹாபரில் வேலை செய்பவர், கடையில் நிற்பவர், ஏ.எல். படிப்பவர், பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுப்பவர் என்று கலந்த கூட்டம். இந்தப் "போனும் கையும்" பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். ஏனென்றால் எங்கட ஆட்கள் போனும் கையுமாக இருப்பது உண்மைதான். எட்டுப் பேர் ஒரு வட்ஸ்அப் அழைப்பில் இருந்துகொண்டு வசனம் பாடமாக்குகிறார்கள். சேர்ந்து நின்று பழக ஓர் இடம் இல்லை.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். வட கொழும்பில் தமிழ் நாடகம் தேய்வதற்குக் காரணம் ஆர்வமும் இல்லை, திறமையும் இல்லை, சினிமாவும் இல்லை. பழக இடம் இல்லாததுதான் காரணம். மேடை கொடுக்க ஆள் இருக்கிறது. பரிசு கொடுக்கவும், பொன்னாடை போர்த்தவும் ஆள் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு, கிழமையில் மூன்று பின்னேரம் கதவு திறந்துவிட மட்டும் யாரும் இல்லை.

எங்கட கடைசி நாடகத்தின் கதையைச் சொல்கிறேன். தொடர்மாடியில் பதினோராம் மாடியில் ஒரு தாத்தா இறந்துபோகிறார். லிப்ட் பழுது. பழுதில்லை என்றாலும் பெட்டியைப் படுக்கையாக அதற்குள் வைக்க முடியாது. நாலு பேர் பெட்டியைப் படியால் இறக்குகிறார்கள். ஒவ்வொரு மாடியிலும் ஒரு கதவு திறக்கிறது, ஒரு கதை வெளியே வருகிறது. ஆறாம் மாடி அன்டி சிங்களத்தில் கதைப்பார், நாலாம் மாடி நானா தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார். கீழே வந்து சேரும்போது தூக்கியவர்களுக்குச் செத்தவரைப் பற்றித் தெரியாத எல்லாமே தெரிந்துவிடும். நாற்பத்தைந்து நிமிசம்.

இதைப் பழகுவதற்கு நாங்கள் பட்ட பாடு நாடகத்தை விடப் பெரிய நாடகம். முதலில் காக்கைதீவுக் கடற்கரைக்குப் போனோம். காற்று வசனத்தைத் தின்றது, இருட்டினால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. பிறகு ஒரு தொடர்மாடியின் மொட்டைமாடி. இரண்டாம் நாளே பூட்டுப் போட்டார்கள். அடுத்தது ஒருவருடைய வீடு. 400 சதுர அடி வீட்டில் அம்மா, அப்பா, பரீட்சைக்குப் படிக்கிற தங்கச்சி, டிவி, அதற்குள் நாங்கள் பன்னிரண்டு பேரும் ஒரு பெட்டியும். ஒரு மண்டபத்தைக் கேட்டோம். ஒரு நாள் வாடகை எங்களில் ஒருவருடைய ஒரு கிழமைச் சம்பளம். "கலியாண புக்கிங் வந்தா நீங்க விட்டுக் குடுக்கணும்" என்றும் சொன்னார்கள். கடைசியில் நிஜமான படிக்கட்டிலேயே பழகினோம். வெறும் பெட்டியை இறக்குவதைப் பார்த்து ஓர் ஆச்சி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதோடு அதுவும் முடிந்தது.

பன்னிரண்டு பேரும் ஒன்றாக நின்று முழு நாடகத்தையும் பார்த்தது நாலே நாலு தடவை. போட்டிக்குப் போனோம். நடுவர் சொன்னார், "கரு நல்லம். ஆனால் பயிற்சி போதாது. மொழி கொச்சை." இரண்டாவதைப் பற்றிப் பிறகு கதைக்கிறேன். முதலாவது முழு உண்மை. பயிற்சி போதாதுதான். ஆனால் அதைச் சொல்லிப் புள்ளி குறைத்தவர்கள் யாரும் "எங்க பழகினீங்க?" என்று கேட்கவில்லை. சமைக்க அடுப்பு இல்லாதவளிடம் சோறு வேகவில்லை என்று சொல்வது சரியான விமர்சனம்தான். அதை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமா?

"கிராமத்தில் இருப்பவர்கள் வசதி இல்லாமலே எவ்வளவு அழகாகக் கூத்தாடுகிறார்கள், பாருங்கள்" என்று எங்களுக்கு உதாரணம் காட்டுவார்கள். சரி, அந்த உதாரணத்தையே எடுப்போம். மட்டக்களப்பில் ஓர் ஊர் கூத்துப் போடுவதென்றால் என்ன நடக்கிறது? அண்ணாவியார் ஆளைப் பார்த்துச் சட்டம் கொடுப்பார், அதாவது யாருக்கு எந்தப் பாத்திரம் என்று பிரித்து ஒப்படைப்பார். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் இரவிரவாகப் பழக்கம். பிறகு சதங்கை அணிதல். பிறகு அடுக்குப் பார்த்தல், முழுக்கூத்தையும் ஊர் முன்னால் ஆடிப் பார்ப்பது. அதற்கும் பிறகுதான் அரங்கேற்றம். அது முடிந்தும் வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள்.

இந்த வரிசையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அரங்கேற்றம் ஓர் இரவு. மற்றதெல்லாம் பழக்கம். அந்தப் பழக்கத்துக்கு ஊர் ஒரு வெளியைக் கொடுக்கிறது, பக்கத்து வீட்டுக்காரன் மத்தளச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்கிறான், அண்ணாவியாருக்கு மரியாதை செய்கிறார்கள். வசதி இல்லாமல் ஆடுகிறார்கள் என்பது பொய். காசு இல்லாமல் இருக்கலாம். நாடகத்துக்கு வேண்டிய மிகப் பெரிய வசதி, நேரமும் இடமும், அங்கே ஊரே போட்ட முதலீடு.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் செய்ததையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை' என்று கூத்தைப் புது மேடைக்குக் கொண்டுவந்தார். விடிய விடிய ஆடியதைச் சுருக்கி, படித்தவர்கள் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஆக்கினார். அதைப் பற்றி இரண்டு கருத்து இருக்கிறது. கூத்துக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தார் என்பது ஒன்று. ஊரிலிருந்து கூத்தைப் பிரித்தெடுத்துப் பார்வைப் பொருளாக்கினார் என்பது மற்றது. சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் அந்த ஊர்க்காரரும் சேர்ந்து செய்த கூத்து மீளுருவாக்கம் அந்த இரண்டாவது கருத்திலிருந்து வந்தது. கூத்தை எடுத்துக்கொண்டு ஊரை விட்டுப் போகாதீர்கள், ஊருக்குள்ளேயே நின்று கதையை மாற்றிப் பாருங்கள் என்பது அவர்கள் வாதம்.

இந்த விவாதத்தில் நான் சீலாமுனைப் பக்கம். ஆனால் இரண்டு பக்கமும் ஒரு விசயத்தில் ஒன்று. பேராதனையில் பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது, வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் வந்து பழக்கினார். சீலாமுனையில் ஊர் இடம் கொடுத்தது. 1978 இல் யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் முதலானவர்கள் தொடங்கியதற்கு வைத்த பெயரே நாடக அரங்கக் கல்லூரி. ஆளைப் பழக்காமல் நாடகம் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1985 இல் 'மண் சுமந்த மேனியர்' ஊர் ஊராகப் போக முடிந்ததற்குப் பின்னால் அந்தப் பழக்கம் இருக்கிறது. நாடக வரலாறு எழுதுகிறவர்கள் மேடையேறிய திகதியை எழுதுகிறார்கள். எங்கே, எத்தனை நாள் பழகினார்கள் என்பதை எழுதுவது குறைவு. அதனால்தான் வாசிக்கிறவர்களுக்கு நாடகம் திடீரென்று மேடையில் முளைக்கிற மாதிரித் தெரிகிறது.

"அதெல்லாம் ஊர். கொழும்பு ஊரா?" என்று கேட்பார்கள். இது எங்களுக்குப் பழகிய கேள்வி. "சொந்த ஊர் எது?" என்பார்கள். "மட்டக்குளி" என்றால், "அது சரி, சொந்த ஊர்?" என்று திரும்பக் கேட்பார்கள். தாத்தா காலத்திலிருந்து இங்கேதான் என்றாலும் நம்பமாட்டார்கள். நாடகத்திலும் அதே கதை. கிராமிய அரங்கு என்றால் மட்டக்களப்பு, மன்னார், யாழ்ப்பாணம், மலையகத்தின் காமன் கூத்து. நவீன அரங்கு என்றால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்து மண்டபங்களும் லயனல் வென்ட்டும். எங்களுக்கு எந்தப் பெட்டியும் இல்லை. கூத்து இல்லாத ஊர், நாகரிகம் இல்லாத நகரம்.

இது வரலாற்றுக்கும் பொருந்தாத பேச்சு. சிங்கள நாடகம என்ற வடிவம் தமிழ்க் கூத்திலிருந்து, கரையோரக் கத்தோலிக்கர் வழியாகப் போனது என்பதை எதிரிவீர சரச்சந்திரவே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அந்த நாடகமவை வைத்துத்தான் அவர் 1956 இல் 'மனமே' செய்தார். 'மனமே' கொடுத்த உந்துதலில்தான் வித்தியானந்தன் கூத்துப் பக்கம் திரும்பினார் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். மூவிராசாக்கள், ஞானசவுந்தரி, எண்டிறீக்கு எம்பரதோர் என்று அவர் பதிப்பித்த நாடகங்களில் முக்கியமானவை கத்தோலிக்க ஊர்களின் நாடகங்கள். அதாவது தமிழ்க் கத்தோலிக்கக் கூத்தாடிகள் சிங்கள அரங்குக்குக் கொடுத்தது, சுற்றிவந்து தமிழ்ப் பேராசிரியரைத் தட்டி எழுப்பியது. இந்தக் கொடுக்கல் வாங்கல் நடந்த கரையில்தான் கொழும்பின் வடக்கும் இருக்கிறது. கொழும்புக்கு ஊர் நாடகத்தோடு சம்பந்தம் இல்லை என்றால் எப்படி?

நகர நாடகத்தைப் பார்த்தாலும் அப்படித்தான். கலையரசு சொர்ணலிங்கம் 1910களில் லங்கா சுபோத விலாச சபையைத் தொடங்கி நடத்தியது கொழும்பில். சென்னையில் பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபையைப் பார்த்து வந்த உற்சாகம் அது. சம்பளத்துக்கு நடிக்காத, வேலை முடிந்து வந்து நடிக்கிற ஆட்களின் சபை. அமெச்சூர் என்ற சொல்லுக்கு அன்றைக்கு இருந்த அர்த்தம் அது, மரியாதையான அர்த்தம். வக்கீலும் கிளார்க்கும் வேலை முடிந்து நடித்தால் அமெச்சூர் என்று பெருமை. ஹாபர் பொடியன் வேலை முடிந்து நடித்தால் அதே அமெச்சூர் என்ற சொல் ஏச்சாகிவிடுகிறது.

எங்கட பக்கத்துக்கு இடம் எப்படிப் போனது என்பதையும் சொல்லவேண்டும். ஏனென்றால் சும்மா போகவில்லை.

1983 ஜூலைக்குப் பிறகு கொழும்புத் தமிழர் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். இருந்தவர்களுக்கு அதற்குப் பிந்திய இருபத்தைந்து வருசமும் சுற்றிவளைப்பு, சோதனைச் சாவடி, பொலிஸ் பதிவு. இரவு ஒன்பது மணிக்கு ஓர் அறைக்குள் பத்துத் தமிழ்ப் பொடியன்கள் கூடியிருந்தால் அதை யார் ஒத்திகை என்று நம்புவது? 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜ்களிலிருந்து 370க்கும் மேற்பட்ட தமிழரை பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பிய நாடு இது. உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. எங்களுக்கு முந்திய தலைமுறை நாடகத்தை விட்டது சோம்பலால் இல்லை. சேர்ந்திருப்பதே குற்றமாகத் தெரிந்த காலத்தில் விட்டார்கள். அவர்கள் விட்டபோது பழக்குகிறவர்களும் போனார்கள். எனக்கு மாஸ்டராக இருந்திருக்க வேண்டியவர்கள் இன்றைக்குக் கனடாவில் இருக்கிறார்கள், அல்லது இங்கேயே வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்கள்.

2019 ஈஸ்டர் அன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு எந்தக் கோயில் வளவிலும் கூட்டம் கூட்டமாக நிற்பதே பயம். 2020 ஒக்டோபரில் கொரோனாவுக்காக மட்டக்குளி, முகத்துவாரம், கொட்டாஞ்சேனைப் பக்கமெல்லாம் கிழமைக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. 2022 இல் மின்வெட்டு.

இவ்வளவுக்கும் நடுவில் இன்னொன்று சத்தமில்லாமல் நடந்தது. தோட்டங்கள் போயின. வெளியில் இருப்பவர்களுக்கு விளங்குவதற்காகச் சொல்கிறேன், எங்கட தோட்டம் என்பது தேயிலைத் தோட்டம் இல்லை. சிங்களத்தில் 'வத்த' என்பார்கள். ஒட்டி ஒட்டி வீடுகள், பொதுப் பைப், நடுவில் ஒரு துண்டு வெளி. வெள்ளம் வரும், நாற்றம் வரும், அதை நான் அழகாக்கிச் சொல்லவரவில்லை. ஆனால் அந்தத் துண்டு வெளியில்தான் சாவு வீட்டுத் தறப்பாளும் கட்டுவார்கள், கெரமும் விளையாடுவார்கள், நத்தாருக்கும் பொங்கலுக்கும் நாடகமும் பழகுவார்கள். 2010 இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்த பிறகு வட கொழும்பில் தோட்டங்களை எடுத்துத் தொடர்மாடி கட்டும் வேலை வேகமெடுத்தது. மனிதருக்குச் சதுர அடி கணக்குப் பார்த்தார்கள். கூடி நிற்பதற்குக் கணக்குப் பார்த்தவர்கள் யார்? தோட்டத்தில் இருந்தவனுக்கு முற்றம் இருந்தது. மாடியில் இருப்பவனுக்கு ஒரு கொரிடோர் இருக்கிறது, அதில் நின்று கதைத்தாலே பக்கத்துக் கதவு திறக்கும்.

"சேர்ச் இருக்கே, கோவில் இருக்கே, அங்க பழகலாமே" என்பார்கள். உண்மை, அவர்கள்தான் இன்றைக்கும் கொஞ்சமாவது இடம் கொடுப்பவர்கள். பெரிய வியாழனுக்குப் பாடுகளின் நாடகம் போடுவதென்றால் சேர்ச் ஹோல் திறக்கும். திருவிழாவுக்குப் புராண நாடகம் என்றால் கோவில் மண்டபம் திறக்கும். அதற்கு நன்றி. ஆனால் எங்கட குழுவில் இருப்பவர்கள் யார் என்று பாருங்கள். கத்தோலிக்கர் இருக்கிறார்கள், சைவர் இருக்கிறார்கள், இரண்டு முஸ்லிம் பொடியன்கள் இருக்கிறார்கள், ஆறாம் மாடி அன்டியாக நடித்தது ஒரு சிங்களப் பிள்ளை. மட்டக்குளி அப்படித்தான் இருக்கிறது, அதனால் குழுவும் அப்படித்தான் இருக்கிறது. மதத்தின் இடத்தில் மட்டும் பழகலாம் என்றால் இந்தக் குழு உடைந்து நாலு குழுவாகும். நாலும் நாலு பழைய கதையைத் திருப்பிப் போடும். பெட்டி படியால் இறங்கும் கதையை எந்தத் திருவிழாவில் போடுவது?

பெண்களின் விசயம் இதைவிட மோசம். அந்தக் காலத்தில் ஆண்கள் பெண் வேசம் கட்டினார்கள், இப்போது காலம் மாறிவிட்டது என்கிறார்கள். கடற்கரையில், மொட்டைமாடியில், யாரோ ஒருவருடைய வீட்டில், இரவு எட்டு மணிக்குப் பிறகுதான் ஒத்திகை என்றால் எந்த அம்மா மகளை அனுப்புவாள்? என் அம்மா அனுப்பவில்லை. முதல் வருசம் முழுக்க நான் பொய் சொல்லிவிட்டுத்தான் போனேன். நாங்கள் ஐந்து பெண்கள் தொடங்கினோம், இப்போது இரண்டு பேர். விட்டுப் போனவர்களில் எவளும் நடிப்புப் பிடிக்காமல் விடவில்லை. ஒருத்திக்கு என்னைவிட நன்றாக நடிக்க வரும். லயிட் உள்ள, பூட்டுள்ள, டொய்லட் உள்ள, பின்னேரம் நாலு மணிக்குத் திறக்கிற ஓர் அறை இருந்திருந்தால் அவள் இன்றைக்கும் இருந்திருப்பாள். பெண் பாத்திரம் இல்லாத நாடகமாகப் பார்த்து எழுதுங்கள் என்று எங்களுக்கு ஒருவர் அறிவுரை சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அது ஒரு தீர்வாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

படித்தவர்கள் இன்னொன்று சொல்வார்கள். "மண்டபம் எதற்கு? வீதி நாடகம் போடுங்க. பாதல் சர்க்கார் என்ன செய்தார்? சப்தர் ஹஷ்மி என்ன செய்தார்?" அவர்கள் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஹஷ்மி 1989 ஜனவரி முதலாம் திகதி தெருவில் நாடகம் போட்டுக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு, மறுநாள் உயிரை விட்டார். ஆனால் தெருவில் போடுவது வேறு, தெருவில் பழகுவது வேறு. லயிட்டும் செட்டும் இல்லாமல் உடம்பை மட்டும் வைத்து நாடகம் போடுவதென்றால் அந்த உடம்பு எவ்வளவு பழகியிருக்க வேண்டும்! சர்க்காரின் மூன்றாம் அரங்கு கல்கத்தாவில் முதலில் தொடங்கியது ஓர் அறையில்தான். அந்த அறையிலிருந்துதான் மைதானத்துக்கும் ஊர்களுக்கும் போனார்கள். வீதி நாடகம் என்பது இடம் இல்லாதவனுக்குக் கொடுக்கும் ஆறுதல் பரிசு இல்லை. அதற்குத்தான் அதிகம் இடம் வேண்டும்.

அதோடு தெருவும் எங்களுக்கு இலவசம் இல்லை. 1912 இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த கட்டளைச் சட்டத்தின் கீழ் நாடகப் பிரதியை அனுமதிக்குக் கொடுக்கிற முறை நூறு வருசம் தாண்டியும் தொடர்ந்து வந்திருக்கிறது. ரோட்டில் கூட்டம் கூடினால் பொலிஸ் கேட்கும். கேட்டால் பதில் சொல்ல எங்களுக்குப் பின்னால் ஒரு பல்கலைக்கழகமோ ஒரு என்.ஜி.ஓ.வோ இல்லை.

இனி அந்த "மொழி கொச்சை"க்கு வருகிறேன். எங்கட நாடகத்தில் ஆட்கள் மட்டக்குளியில் கதைப்பது போலக் கதைத்தார்கள். "மச்சான் கொஞ்சம் சாச்சுப் புடி, கெழவன் கீழ உழுந்துருவான்" என்று பெட்டி தூக்குகிறவன் சொன்னான். அவன் வேறு எப்படிச் சொல்லுவான்? யாழ்ப்பாணத்துப் பேச்சு மேடைக்கு வந்தபோது மண்வாசனை என்று கொண்டாடினோம். மட்டக்களப்புப் பேச்சு வந்தபோதும் கொண்டாடினோம், அது நியாயம். வானொலியில் ஆளுக்கொரு தமிழ் பேசிய கோமாளிகளைக் கேட்டு நாடே சிரித்தது, 1976 இல் அது படமாகவும் வந்து ஓடியது. வட கொழும்புத் தமிழ் பகிடிக்கு வரலாம், சாவு வீட்டுக்கு மட்டும் வரக்கூடாதா? எங்கட தாத்தா செத்தால் நாங்கள் இந்தத் தமிழில்தான் அழுகிறோம்.

இவ்வளவும் மற்றவர்களைச் சொன்னேன். எங்களையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் இது நேர்மையாகாது. எங்கட பக்கத்து மன்றங்களும் சங்கங்களும் காசு இல்லாமல் சாகவில்லை. ஆண்டு விழா என்றால் லட்சக்கணக்கில் சேர்க்கிறோம். சவுண்ட்ஸுக்கு ஒரு பங்கு, எல்.ஈ.டி. திரைக்கு ஒரு பங்கு, மலர் அடிக்க ஒரு பங்கு, பிரதம விருந்தினரின் மாலைக்கும் நினைவுச் சின்னத்துக்கும் ஒரு பங்கு. நாடகத்துக்கு நிகழ்ச்சி நிரலில் இருபது நிமிசம், அதுவும் சினிமாப் பாட்டு நடனம் மூன்றுக்குப் பிறகு. அந்த இருபது நிமிசத்துக்குக் குடிகாரக் கணவன், அழும் மனைவி, கடைசியில் திருந்தும் மகன் என்று ஒரே கதையை வருசா வருசம் போடுகிறோம். டிவி சீரியலைப் பார்த்து அழுகிறோம், டிவி கொமெடியைப் பார்த்துச் சிரிக்க வைக்கிறோம். பழக நேரமில்லாதவனுக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் நடிக்க முடியும். அதனால் இதுவும் அந்த ஒரே வியாதியின் இன்னொரு குணம் என்று நினைக்கிறேன். ஆனாலும் பொறுப்பு எங்களுடையதுதான். எல்.ஈ.டி. திரையின் ஒரு நாள் காசில் ஓர் அறையை ஒரு மாதம் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

அதனால் கேட்பதைத் தெளிவாகக் கேட்கிறேன்.

மண்டபம் வைத்திருக்கும் சங்கங்களுக்கு: கலியாணம் இல்லாத வார நாட்களில் உங்கட ஹோல் சும்மா பூட்டிக் கிடக்கிறது. கிழமையில் இரண்டு பின்னேரம், லயிட் காசை மட்டும் வாங்கிக்கொண்டு திறந்துவிடுங்க. கூட்டித் துடைத்துவிட்டு நாங்கள் போவோம்.

பாடசாலைகளை நடத்துகிறவர்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும்: இரண்டு மணிக்குப் பிறகு பூட்டும் மண்டபத்தைக் கட்டிக் கொடுத்தது உங்கட காசு. அதன் திறப்பு யார் கையில் இருக்கவேண்டும் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

தொடர்மாடி கட்டுகிறவர்களுக்கு: கீழ்மாடியில் கடைக்கு இடம் ஒதுக்குகிறீர்கள், வாகனத்துக்கு ஒதுக்குகிறீர்கள். ஆட்கள் கூடிச் சத்தம் போட ஓர் அறையும் ஒதுக்குங்கள். நாடகத்துக்கு மட்டும் இல்லை. பிள்ளைகள் படிக்கவும், சாவு வீட்டுக்கும் அதுவே உதவும்.

விழா நடத்துகிறவர்களுக்கு: அடுத்த முறை பரிசுத் தொகையில் பாதியைக் குறையுங்கள். போட்டிக்கு மூன்று மாதம் முன்னமே பதிவு செய்யும் குழுக்களுக்கு அந்தக் காசில் பழக இடம் எடுத்துக் கொடுங்கள். ஒரு தடவையாவது வந்து ஒத்திகையைப் பாருங்கள். பிறகு புள்ளி போடுங்கள். அப்போதும் நாங்கள் மோசம் என்றால் மோசம்தான், ஏற்றுக்கொள்கிறோம்.

வெளிநாட்டில் இருக்கும் எங்கட அண்ணன்மார், அக்காமாருக்கு: மலருக்கு விளம்பரம் அனுப்பாதீர்கள். ஒரு வருச வாடகையில் ஒரு பங்கு அனுப்புங்கள். லீவுக்கு வரும்போது இரண்டு பின்னேரம் வந்து, நீங்கள் பழகியதை எங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். மாஸ்டர் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகள் நாங்கள்.

இதில் எதுவும் பெரிய கேட்பு இல்லை. புதுக் கலையரங்கம் கட்டச் சொல்லவில்லை. அடிக்கல் நாட்ட அமைச்சரும் தேவையில்லை. இருக்கிற கதவைத் திறக்கச் சொல்கிறோம்.

பெட்டி இறக்கும் நாடகத்தை நாங்கள் கைவிடவில்லை. பதினோராம் மாடியிலிருந்து ஏழாம் மாடி வரைக்கும் நன்றாக வருகிறது, அதற்குக் கீழேதான் சறுக்குகிறது. அந்த இடத்தை நின்று பழக இன்னும் பத்து நாள் வேண்டும். பெட்டி இப்போது என் மாமாவின் ஓட்டோ கராஜில் நிமிர்ந்து நிற்கிறது. எங்கேயாவது ஒரு கதவு திறந்தால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு வருவோம்.